டட்சன் 120ஒய்: பழைய ஹிட்டாச்சி கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வெபர் 32/36 பூட்டலாமா?

சிப்புட்_120ஒய்
வெள்ளி, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் டட்சன் 120ஒய் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1977ஆம் ஆண்டு வண்டி. அவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது மேனேஜரின் ஓட்டுநரிடமிருந்து வாங்கியது. தோட்டம் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டது. நாங்களும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து சுங்கை சிப்புட் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்துவிட்டோம். வண்டியில் மட்டும் எதுவும் மாறவில்லை. எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்கூட அதே ஹிட்டாச்சிதான்.

இப்போது அதுதான் வம்பு செய்கிறது. காலையில் சோக் குமிழை (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைப்பது) இழுத்துச் சாவியைத் திருகினால் உடனே எழுந்துவிடும். பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு பட்டணத்துச் சிக்னலில் நிறுத்தினால், இருமி இருமி அணைந்துவிடுகிறது. பின்னால் கறுப்புப் புகை வேறு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 8 கொடுத்தால் பெரிய காரியம். மானிய எண்ணெய், அதாவது பெட்ரோல், லிட்டர் 1.99 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தாலும் இந்தக் குடிக்குக் கட்டுப்படியாகாது.

பட்டறையில் பானட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடத்திலேயே "கார்புரேட்டர் முடிந்துவிட்டது, புதிது போடு" என்று சொல்லிவிட்டார்கள். நானும் இணையத்தில் தேடி, வெபர் 32/36 வடிவத்தில் வரும் பெயர் தெரியாத நகல் ஒன்றை, அடாப்டர் தகடுகளோடு 420 வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். மின்சார சோக் உள்ள வகை. பெட்டி மேசைமேல் இருக்கிறது. நாளை வேலை இல்லை. பூட்டிவிடலாமா?


செம்பனை_லோரி
வெள்ளி, இரவு 9.40

வாங்கியாகிவிட்டது, பிறகென்ன கேள்வி? பூட்டுங்கள். நான்கு நட்டு, ஒரு முடுக்கிக் கம்பி, ஒரு எண்ணெய்க் குழாய், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.


ஆலை_பிட்டர்
வெள்ளி, இரவு 10.25

தம்பி, பூட்டாதே. பெட்டி மேசைமேலேயே இருக்கட்டும், அது சோறு தண்ணீர் கேட்காது.

ரப்பர் ஆலையில் 30 வருடம் பிட்டராக இருந்தவன் நான். ஷீட் உருளைகளை ஓட்டிய எஞ்சின் முதல் டாக்டர் ஐயாவின் கார் வரை என் கையில் வந்திருக்கின்றன. "கார்புரேட்டர் கெட்டுவிட்டது" என்று வந்தவற்றில் பாதிக்குமேல், கார்புரேட்டரைத் தொடாமலேயே சரியாகித் திரும்பிப் போயின. எரிகிற இடத்தில் மூன்று பேருக்கு வேலை இருக்கிறது: எண்ணெய், காற்று, தீப்பொறி. மூவரில் யார் வேலையைக் கெடுத்தாலும் பழி எண்ணெய் ஊற்றுகிறவன் தலையில்தான் விழும்.

உன் பட்டறைக்காரர் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். நீ அரை நாள் செலவழி. முதலில் பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திற. உள்ளே மின்சாரத்தை வெட்டி இணைக்கும் பாயிண்ட் முகங்கள் குழி விழுந்து, மேடு தட்டி இருக்கிறதா பார். இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சீட்டுக் கனத்தை வைத்து உத்தேசமாகப் பார்க்காதே, ஃபீலர் கேஜ் வைத்துப் பார். பிளக் கம்பிகள் 1-3-4-2 வரிசையில் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பார்த்துக்கொள். அடுத்து வால்வு இடைவெளி. எஞ்சின் சூடாக இருக்கும்போது 0.35 மில்லிமீட்டர். காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடி. செம்மண் சாலையில் ஓடிய வண்டி அது, வடிகட்டி செங்கல் நிறத்தில் இருந்தால் கறுப்புப் புகைக்கு அதுவே போதும்.

இதெல்லாம் ஆன பிறகு ஹிட்டாச்சிக்கு வா. அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல் இருக்கும், மிதவை அறையில் எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று காட்டுவதற்கு. துணியால் துடைத்துவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது பார். எண்ணெய் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் ஊசி வால்வு மூடவில்லை. புகைக்குக் காரணம் அங்கே இருக்கிறது. பத்து வெள்ளிச் சாமான்.

கடைசியாகத் திராட்டில் தண்டு, முடுக்கியை மிதித்தால் குழலைத் திறக்கும் தகட்டைத் தாங்குவது. எஞ்சின் அணைந்திருக்கும்போது தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். இலேசாக அசைந்தால் பரவாயில்லை. பல் ஆடுவதுபோல் கடகடவென்று ஆடினால், தண்டு நுழையும் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. அந்த இடைவெளியில் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அதற்கு எந்தத் திருகைத் திருகினாலும் வழியில்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது தண்டின் இரு நுனியிலும் தண்ணீர் தெளிப்பானால் மெல்லியதாகத் தெளி. ஓட்டத்தின் ஒலி மாறினால் அங்கே ஓட்டை. கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயைச் சிலர் அடிப்பார்கள். 120ஒய்யில் இன்டேக்கும் (கலவை உள்ளே போகும் குழல்) புகைக் குழலும் ஒரே பக்கம், ஒன்றன்மேல் ஒன்று. சூட்டில் அதை அடித்துப் புருவத்தை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போதும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார்.

பார்த்துவிட்டுச் சொல்.


இரட்டைக்குழல்
வெள்ளி, இரவு 11.02

பிட்டர் ஐயா சொன்ன பிறகு நான் சேர்ப்பதற்கு ஒன்றுதான். அந்த 32/36ஐ இந்த வண்டியில் பூட்டுவது பாவம். ஃபோர்டின் 2.0 லிட்டர் பிண்டோ எஞ்சின்மேல் இருந்த வகை அது. 32 என்பது முதல் குழலின் விட்டம், 36 இரண்டாவதின் விட்டம், மில்லிமீட்டரில். நம்முடைய ஏ12 எஞ்சின் 1171 சிசி. இரண்டு பேருக்குச் சமைத்த சட்டியை எடுத்து ஒரு குழந்தைக்கு ஊட்டுகிறீர்கள். ஹிட்டாச்சியைச் சரி செய்யுங்கள்.

நான் ஈப்போவில் இருக்கிறேன். இங்கே கடைசல் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்டும் ஈயக் கப்பல்கள் ஓடிய காலத்தில் அவற்றுக்கு உதிரிகள் கடைந்து கொடுத்தவர்களிடம் தொழில் கற்றவர்கள். 1985இல் ஈயச் சந்தை விழுந்தபோது பல பட்டறைகள் மூடப்பட்டன. மிச்சமிருப்பவர்களின் கை தங்கம். திராட்டில் தண்டின் துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் (உள்வளையம்) அடித்துத் தருவார்கள். என் டட்சன் 1200க்கு அப்படித்தான் செய்தேன்.


செம்பனை_லோரி
வெள்ளி, இரவு 11.10

எத்தனை நாள் ஆயிற்று?


இரட்டைக்குழல்
வெள்ளி, இரவு 11.15

ஏழு வாரம்.


செம்பனை_லோரி
வெள்ளி, இரவு 11.16

நன்றி. அதைத்தான் கேட்டேன்.


சிப்புட்_120ஒய்
ஞாயிறு, பிற்பகல் 3.30

பிட்டர் ஐயா சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐயா, உங்கள்மேல் கோபப்படுவதா கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை.

பாயிண்ட் முகத்தில் குழியும் மேடும் இருந்தன. இடைவெளியில் 0.30 தகடே இறுக்கமாகத்தான் நுழைந்தது. புதிது மாற்றி 0.50இல் வைத்தேன். வால்வுகளில் இரண்டு இறுக்கம், சரி செய்தேன். வடிகட்டி நீங்கள் சொன்ன அதே செங்கல் நிறம். கண்ணாடி ஜன்னலைத் துடைத்துப் பார்த்தால், எண்ணெய் கோட்டுக்கு மேலே, விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஊசி வால்வின் முனையில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வளையத் தேய்மானம். மாற்றினேன். எண்ணெய் கோட்டுக்கு இறங்கியது. புகையும் பாதியாகக் குறைந்தது.

ஆனால் தண்டு ஆடுகிறது. பல் ஆட்டம்தான். தண்ணீர் தெளித்ததும் எஞ்சின் ஒலி குறைந்து மீண்டும் ஏறியது, இரண்டு பக்கமும். சிக்னலில் அணைவது இன்னும் நிற்கவில்லை.

ஆக, கார்புரேட்டர் குற்றவாளிதான், ஆனால் தனியாகச் செய்யவில்லை. இப்போது கேட்கிறேன்: ஹிட்டாச்சியைக் கடைசலுக்கு அனுப்பிவிட்டு ஏழு வாரம் காத்திருப்பதா, அல்லது பெட்டியைத் திறப்பதா? அம்மாவைச் செவ்வாய், வெள்ளி கோயிலுக்கு அழைத்துப் போக வேறு வண்டி இல்லை.


கங்சார்_டீச்சர்
ஞாயிறு, மாலை 5.05

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை.

என்னிடம் இருப்பது 1990ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா 1.3. அதன் கார்புரேட்டர் போனபோது, வேறு வடிவம் எதற்கும் போகாமல், அசலின் அச்சில் வார்த்த நகலையே வாங்கினேன். அடாப்டர் தேவையில்லை, குழாய் முனைகள் அதே இடத்தில், சோக்கும் அதே இடத்தில். முதல் வாரமே ஊசி வால்வு சிக்கிக்கொண்டு, பள்ளி வாசலில் எண்ணெய் வழிந்தது. மாணவர்கள் முன்னால் மானம் போயிற்று. திறந்து பார்த்தால் மிதவை அறைக்குள் வார்ப்பின் துகள்கள், மணல்போல. கழுவிப் பூட்டிய பிறகு ஆறு வருடமாக ஓடுகிறது. 120ஒய்க்கும் அசல் அச்சில் நகல்கள் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை 420 வெள்ளி கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

இன்னொன்று. எதைப் பூட்டினாலும், கழற்றும் முன் ஒவ்வொரு ரப்பர் குழாயிலும் அடையாளம் வையுங்கள். கைவேலை வகுப்புக்கு வாங்கிய கம்பளி நூல் என்னிடம் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் வாக்குவம் குழாய்க்குச் சிவப்பு, எஞ்சின் மூச்சுக் குழாய்க்குப் பச்சை என்று கட்டிவிட்டுத்தான் கழற்றினேன். மெக்கானிக் சிரித்தார். திரும்பப் பூட்டும்போது அவர்தான் நூலைப் பார்த்துப் பூட்டினார்.


ஆலை_பிட்டர்
ஞாயிறு, இரவு 8.20

டீச்சர் சொன்னது பொன்னான வார்த்தை. தம்பி கையில் ஏற்கெனவே 32/36 இருக்கிறது, கோயில் காத்திருக்கிறது. ஆகவே இப்போது அதைப் பூட்டட்டும். ஹிட்டாச்சி ஈப்போவுக்குப் போகட்டும். இரண்டும் நடக்கும்.

இரட்டைக்குழல் தம்பிக்கு ஒரு வார்த்தை. சட்டி பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு குழலும் ஒன்றாகத் திறப்பதில்லை. முதல் குழல் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு திறந்த பிறகுதான் இரண்டாவது அசையத் தொடங்கும். பட்டணத்தில் ஓடும்போது வேலை செய்வது 32 மட்டுமே, அதன் உள்ளே இருக்கும் வென்டூரி, அதாவது குறுகிய கழுத்து, 26. ஆகையால் வண்டி ஓடும். ஆனால் ஜெட்டுகள், அதாவது எண்ணெயை அளந்து விடும் துளைத் திருகுகள், பெரிய எஞ்சினுக்கு உரியவை, அங்கேதான் வேலை இருக்கிறது.

பூட்டுவதற்கு முன் மேல் மூடியைக் கழற்று. மிதவை அறையை வழித்துப் பார், டீச்சர் சொன்ன துகள்கள் இருக்கும். மெயின் ஜெட்டுகள் அறையின் அடியில் இருக்கின்றன. அவற்றின் தலையில் எண் பொறித்திருக்கும், 140 என்றால் துளை 1.40 மில்லிமீட்டர். நகல்களில் எண் ஒன்றாகவும் துளை வேறாகவும் இருப்பதுண்டு. மெல்லிய துரப்பண முனைகளை வரிசையாக விட்டுப் பார்த்தால் தெரியும். துளையைப் பெரிதாக்க அல்ல, அளக்க மட்டும். பிறகு அடிப்பாகத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து மூலைகளை அழுத்து. தட்டுத் தட்டென்று ஆடினால் தளம் கோணல். கண்ணாடிமேல் நுண்ணிய உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்து.

அடாப்டர் இரண்டு தகடு. கீழ்த் தகட்டை மேனிஃபோல்டில் (இன்டேக் குழலில்) பூட்டும் திருகுகள் மேல் தகட்டுக்கு அடியில் மறைந்துவிடும், பிறகு இறுக்க முடியாது. திருகுப் பசை போட்டு இறுக்கு. தளர்ந்தால் காற்று நுழையும். கழன்று விழுந்தால் அது போகிற இடம் எஞ்சினின் வயிறு.


சிப்புட்_120ஒய்
செவ்வாய், இரவு 10.48

பூட்டிவிட்டேன், ஐயா. நான் இப்போது இரண்டு வண்டியின் கோளாறுகளை ஒரே வண்டியில் வைத்திருக்கிறேன்.

நல்ல செய்தி முதலில். சிக்னலில் அணைவதில்லை. கெட்ட செய்திகள் வரிசையாக வருகின்றன. திராட்டில் தகட்டைத் திறந்து பிடிக்கும் வேகத் திருகை மூன்று சுற்று உள்ளே விட்டால்தான் சும்மா ஓடுகிறது. சும்மா ஓடும்போது எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் கலவைத் திருகை மூன்றரைச் சுற்று வெளியே எடுத்திருக்கிறேன், அதற்குக் குறைந்தால் நடுங்குகிறது. கிளட்ச்சை விட்டு மெதுவாக மிதித்தால் முதல் நொடி ஒன்றுமே இல்லை, பள்ளத்தில் விழுந்ததுபோல் ஒரு தொய்வு, பிறகு திடீரென்று பாய்கிறது. பசார் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார், நியாயமாகவே.

இன்னொன்று. கோயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தால் எழ மறுக்கிறது. பானட்டைத் திறந்தால் பச்சை எண்ணெய் வாடை முகத்தில் அடிக்கிறது. அம்மா அர்ச்சனைத் தட்டோடு வெயிலில் நின்றார்.


இரட்டைக்குழல்
செவ்வாய், இரவு 11.01

பிண்டோ எஞ்சினை வாங்கிப் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.


ஆலை_பிட்டர்
புதன், காலை 6.30

இரவிலேயே பார்த்தேன். தூங்கி எழுந்து எழுதலாம் என்று விட்டேன், ஏனென்றால் இதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. ஹிட்டாச்சிக்கு அடியில் தடித்த கறுப்பு பேக்லைட் கட்டை ஒன்று இருந்திருக்குமே, அதை என்ன செய்தாய்?


சிப்புட்_120ஒய்
புதன், காலை 7.05

எடுத்துவிட்டேன், ஐயா. அடாப்டரோடு அதையும் வைத்தால் காற்று வடிகட்டி பானட்டில் இடித்தது.


ஆலை_பிட்டர்
புதன், காலை 7.40

நினைத்தேன். கோயில் வாசலில் எழாததற்கு அதுதான் காரணம்.

அந்தக் கட்டை உயரத்துக்காக வைத்ததல்ல, சூட்டைத் தடுக்க வைத்தது. ஏ12இல் புகைக் குழலின் சூடு இன்டேக் வழியாக மேலே ஏறும். ஓடும்போது உள்ளே வரும் காற்றும் எண்ணெயும் கார்புரேட்டரைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். அணைத்த பிறகு அந்தக் குளிர்ச்சி நின்றுவிடும், சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். நீ பூட்டிய அடாப்டரோ அலுமினியம், சூட்டைக் கடத்துவதில் சூரன். மிதவை அறையில் எண்ணெய் கொதித்து, குழல் வழியாக வழிந்து, மேனிஃபோல்டில் தேங்குகிறது. நீ முகர்ந்தது அதைத்தான். இப்போதைக்கு, சூட்டில் எழாவிட்டால் முடுக்கியை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு திருகு. குத்திக் குத்தி மிதிக்காதே, ஒவ்வொரு குத்துக்கும் பம்ப் இன்னும் எண்ணெயைப் பீய்ச்சும். பேக்லைட் கட்டையைத் திரும்ப வை. உயரம் இடித்தால் வடிகட்டியைத் தட்டையானதாக மாற்று, கட்டையைத் தியாகம் செய்யாதே.

அடுத்து உன் பள்ளம். இதைப் புரிந்துகொண்டால் எந்த 32/36ஐயும் நீயே சரி செய்வாய்.

கார்புரேட்டருக்குள் எண்ணெய் வரும் பாதைகள் ஒன்றல்ல. சும்மா ஓடும்போது, கலவைத் திருகுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு துளை வழியாக வருகிறது. நன்றாக மிதித்தால் மெயின் ஜெட் வழியாக வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதல்லவா, அதை நிரப்பத்தான் திராட்டில் தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே வரிசையாகச் சில துளைகள் போட்டிருக்கிறார்கள். தகடு மெல்லத் திறக்கும்போது விளிம்பு அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகக் கடக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் எண்ணெய் ஊட்டும். நீ வேகத் திருகை மூன்று சுற்று உள்ளே விட்டதால், சும்மா நிற்கும்போதே தகடு அந்தத் துளைகளைத் தாண்டிப் போய் நிற்கிறது. ஊட்ட வேண்டிய நேரத்தில் துளைகள் ஏற்கெனவே திறந்துகிடக்கின்றன, புதிதாகக் கொடுக்க ஒன்றுமில்லை. அதுதான் பள்ளம்.

வேகத் திருகு தகட்டின் கையைத் தொட்ட இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. கலவைத் திருகு ஒன்றரை முதல் இரண்டு சுற்றுக்குள் நிற்க வேண்டும். உன்னுடையது இரண்டுமே அளவு தாண்டியிருக்கிறது, இரண்டுமே ஒரே கதையைச் சொல்கின்றன: எண்ணெய் போதவில்லை. சிலர் உடனே சும்மா ஓட்டத்துக்கான ஐடில் ஜெட்டைப் பெரிதாக்கச் சொல்வார்கள். ஆனால் பெரிய எஞ்சினுக்கு வைத்த ஜெட் சின்ன எஞ்சினுக்கு எப்படிப் போதாமல் போகும்? எங்கோ காற்று நுழைகிறது. தண்ணீர் தெளிப்பானை எடு. அடாப்டரின் சந்துகளில் தெளி.


ஜாலோங்காரன்
புதன், காலை 9.15

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் சாகா கேமரன் மலை ஏறும்போது மட்டும் புகைக்கிறது, கீழே வந்தால் சரியாகிவிடுகிறது. அதுவும் காற்றுக் கசிவா?


ஆலை_பிட்டர்
புதன், காலை 9.50

இல்லை. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே. அங்கே காற்று இலேசு, ஆனால் ஜெட்டின் துளை அதேதான். காற்று குறைந்து எண்ணெய் குறையாவிட்டால் கலவை கெட்டியாகும், புகைக்கும். ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இறங்கிவிடு, ஒன்றும் செய்ய வேண்டாம்.


சிப்புட்_120ஒய்
வெள்ளி, இரவு 9.30

கண்டுபிடித்தேன். அடாப்டரின் பின்புற இடது மூலையில் தெளித்ததும் எஞ்சின் ஒலி மாறியது. எல்லாவற்றையும் கழற்றினேன். பெட்டியில் வந்த கேஸ்கெட்டின் துளை தகட்டின் துளையைவிடப் பெரிது. ஒரு மூலையில் அதன் ஓரம் குழலுக்குள் எட்டிப் பார்க்கிறது, எதிர் மூலையில் விளிம்புவரை வந்து நிற்கிறது. அங்கே சீல் செய்வதற்குக் காகிதமே இல்லை. மறைந்திருக்கும் திருகுகளில் ஒன்று, விரலாலேயே கால் சுற்று திரும்பியது. ஐயா சொன்ன பசையை நான் மூன்று திருகுக்குத்தான் போட்டிருந்தேன், நான்காவதுக்கு வரும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்.

கேஸ்கெட் தாள் வாங்கி, தகட்டை மேலே வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் முழுவதும் மெல்லத் தட்டி வெட்டி எடுத்தேன். பேக்லைட் கட்டையையும் வைத்துப் பூட்டினேன். பழைய வண்டி உடைக்கும் கடையில் தட்டையான வடிகட்டி ஒன்று 25 வெள்ளிக்குக் கிடைத்தது. பானட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறது.

இப்போது வேகத் திருகு ஒரு சுற்று, கலவைத் திருகு ஒன்றே முக்கால். பள்ளம் போய்விட்டது. பசார் முன்னால் இன்று வேண்டுமென்றே மூன்று முறை மெதுவாகப் புறப்பட்டுப் பார்த்தேன்.

ஆனால் பிளக்குகளைக் கழற்றினால் கரி. லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான்.


ஆலை_பிட்டர்
வெள்ளி, இரவு 10.10

சும்மா ஓடும்போது கரியா, நீண்ட தூரம் ஓடிய பிறகு கரியா? சிக்னல் சிக்னலாக நின்று வந்து பிளக்கைக் கழற்றினால் ஒன்றும் தெரியாது. பழைய சாலையில் சலாக் தாண்டிக் கோல கங்சார் வரை போ. அங்கே நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே மெனோரா சுரங்கத்தை நோக்கி வா, அந்த ஏற்றம் பொய் சொல்லாது. கடந்ததும் பாதுகாப்பான நிறுத்துமிடத்தில் சாவியை அணைத்து, கியரை நடுவில் போட்டு உருட்டி நிறுத்து. எஞ்சினைச் சும்மா ஓடவிடாதே. அப்புறம் பிளக்கைப் பார். தேத்தண்ணீர் நிறம் வேண்டும். கறுத்திருந்தால் முதல் குழலின் மெயின் ஜெட்டை 140இலிருந்து 130க்குக் குறை. இரண்டாவதைத் தொடாதே.


இரட்டைக்குழல்
வெள்ளி, இரவு 10.32

சாவியை அணைத்து உருட்டுவது நேரான சாலையில், வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மட்டும். பிரேக் பூஸ்டர் இருந்தால் இரண்டு மிதிக்கு மேல் உதவாது. சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். சொல்லிவைக்கிறேன்.

சிப்புட் அண்ணா, ஹிட்டாச்சியைப் பொட்டலம் கட்டி அனுப்புங்கள். நானே கடைசல் பட்டறையில் கொடுக்கிறேன். கூலி மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். அதன் கண்ணாடி ஜன்னலை மட்டும் தனியாகத் துணியில் சுற்றுங்கள், அது உடைந்தால் கிடைக்காது.


சிப்புட்_120ஒய்
அடுத்த ஞாயிறு, மாலை 6.40

ஏற்றத்தில் நான்காம் கியரிலேயே வந்தது. எண்ணெய் லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மூன்றுக்கு இறக்கினேன், அதற்கு வண்டி பொறுப்பல்ல. பிளக் கறுப்பு. 130 ஜெட் ஈப்போவில் கிடைத்தது, இந்த முறை துளையை அளந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். நேற்று மறுபடி அதே ஏற்றம். நான்கு பிளக்கும் தேத்தண்ணீர், ஒன்றாவது மட்டும் கொஞ்சம் பால் கூடிய தேத்தண்ணீர். லிட்டருக்கு 12க்கு அரை கிலோமீட்டர் குறைவு. கோயிலில் அரை மணி நிறுத்தி எடுத்தேன், முதல் திருகில் எழுந்தது.

இரட்டைக்குழல் தம்பி, ஹிட்டாச்சி நாளை பஸ்ஸில் வருகிறது. ஜன்னல் இரண்டு துணியில் சுற்றியிருக்கிறது. அது திரும்பி வந்ததும் எதை வைத்துக்கொள்வது என்று அப்போது பார்க்கலாம், ஏழு வாரத்துக்கு எனக்கு அவசரமில்லை.


செம்பனை_லோரி
ஞாயிறு, மாலை 6.55

மின்சார சோக்குக்கு எங்கிருந்து கம்பி இழுத்தீர்கள்? என் நண்பர் இக்னிஷன் காயிலிலிருந்து இழுத்துவிட்டு, தீப்பொறி மெலிந்து இரண்டு நாள் தள்ளினார்.


சிப்புட்_120ஒய்
ஞாயிறு, மாலை 7.10

நானும் முதலில் அங்கேதான் தொட்டேன், டீச்சர் தனியாகச் செய்தி அனுப்பித் தடுத்தார். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து இழுத்தேன். டேஷ்போர்டில் அப்பாவின் பழைய சோக் குமிழ் இன்னும் இருக்கிறது. கழற்றவில்லை. இன்று காலை அம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் அதை இழுத்தார். வெறும் கம்பி வந்தது.


ஆலை_பிட்டர்
ஞாயிறு, இரவு 8.02

குமிழ் இருக்கட்டும். ஆனால் அந்தக் கம்பியின் மறுமுனை பானட்டுக்குள் எங்கே தொங்குகிறது? இழுத்து இழுத்து நகர்ந்தால், ஒரு நாள் காயில் முனைமேலோ திராட்டில் கையின்மேலோ போய் விழும். நுனியை மடக்கி, ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, பக்கச் சுவரில் கட்டிவிடு.


சிப்புட்_120ஒய்
ஞாயிறு, இரவு 8.40

கட்டிவிட்டேன், ஐயா. டீச்சர் கொடுத்த பச்சை நூல்தான் கையில் கிடைத்தது. அது சூட்டுக்குத் தாங்காது என்று நீங்கள் சொல்வதற்குள் ஒரு கேபிள் டையும் போட்டுவிட்டேன்.